ரோஸ் மில்க் குடித்த மவுத் ஆர்கன்

பட்டன் வைத்த என் குரோமாட்டிக் மவுத் ஆர்கனை இரவல் வாங்கிய ஸ்டீபன், போன வாரம் திருவொற்றியூர் டீக்கடையில் எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்தான்.

"பட்டன அமுக்குனா உள்ளயே மாட்டிக்குது மாமு. உன்னுது ஒரே கலீஜ் பீஸு."

இன்று கழற்றினேன். பட்டனோடு உள்ளே நகரும் தகட்டில் ரோஸ் மில்க் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. குடித்த வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஊதியிருக்கிறான்!

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து முடிக்கும்போது வாசலில் அவனே நிற்கிறான்.

"ரெடி பண்ட்டியா மாமு? இன்னிக்கு ராயபுரத்துல என் மச்சான் ரிசப்ஷன். கீபோர்டு கூட ரெண்டு பாட்டு வாசிக்கிறேன்."

"இரு, மாட்டி எடுத்தாறேன்."

உள்ளே போய்த் தகட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மாட்டினேன். பட்டனை அழுத்தினால்தான் அரை சுரம் ஏற வேண்டும். இனி அழுத்தாமலே ஏறியிருக்கும், அழுத்தினால் இறங்கும்.

அவன் பட்டனை மட்டும் தட்டிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போய் வந்தது. ஊதிப் பார்க்கவே இல்லை.

சற்றுமுன் மண்டபத்திலிருந்து போன். "மொத பாட்டே நாறிப்போச்சு மாமு! கீபோர்டுகாரன் சுருதிய மாத்திகினு பேஜார் பண்றான்!"

"ஒரு ரோஸ் மில்க் அடிச்சிட்டு வாசி, சரியாப்பூடும்" என்று வைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது. உண்மையை இப்போதே சொல்லிவிடட்டுமா, அதையும் வாசித்து முடிக்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள், நான் அவசரப்படவில்லை.