அண்ணனின் பச்சைத் தேயிலையும் என் முரட்டு ஆக்ஸிஜனும்

சித்திரபுரத்தில் என் அண்ணன் நடத்தும் தேயிலைக் கடை வாசலில் ஒரு பலகை தொங்கும்: பச்சைத் தேயிலை ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும், புற்றுநோயை அண்டவிடாது. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு இரண்டு பொட்டலம் கூடுதலாக வாங்குவார்கள். தங்கை நான் கொச்சியில் ஓர் ஆய்வகத்தில் பார்ப்பதோ அதற்கு நேர் எதிரான வேலை. புற்றுநோய்ச் செல்லுக்குள் புகுந்து, அங்கிருக்கும் ஆக்ஸிஜனை எதையும் தாக்குகிற முரட்டு ஆக்ஸிஜனாக மாற்றி, செல்லை உள்ளிருந்தே எரிக்கிற சிறு மூலக்கூறுகளை வடிவமைக்கிறேன். அதனால் விடுமுறைக்கு வந்தால் அண்ணன் என்னையும் கல்லாப் பக்கம் அண்டவிட மாட்டான்.

"ஏ பிள்ள, ஆள் வந்தா வாயத் தொறக்காத. ஒன் படிப்பு என் யாவாரத்தக் கெடுத்துரும்."

போன வருடம் அம்மாவுக்கு மார்பில் புற்றுக்கட்டி என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கியதுமே அண்ணன் கடையிலிருந்து பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை டப்பாவோடு வந்துவிட்டான். வேளைக்கு இரண்டு என்று கோயில் பிரசாதம் போல அவனே அம்மா கையில் வைப்பான். ஆஸ்பத்திரி மருந்து எரிக்கப் பார்க்கும்போது இவன் மாத்திரை அணைத்துவிடுமோ என்று எனக்குப் பயம். டாக்டரிடம் கேட்டேன். சிகிச்சை முடிகிறவரை வேண்டாம் என்றார். ஜெயித்த மிதப்பில் வீட்டுக்கு வந்து, டப்பாவை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன்.

அவன் சண்டைக்கு வரவில்லை.

"சரி, நான் கொண்டாந்தத எடுத்துட்டுப் போறேன். நீ என்ன பிள்ள கொண்டாந்த?"

இத்தனை வருடத்தில் நான் செய்தவற்றில் உருப்படியாக எரித்தது ஒரே ஒரு மூலக்கூறு. அதுவும் நல்ல செல்லையும் சேர்த்துக் கருக்கியது. எலிக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

கட்டிலில் படுத்திருந்த அம்மா தலையில் கட்டியிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"ஒன் மருந்து எனக்கு வந்து சேருமா பிள்ள?"

"சேராதும்மா. அதுக்கு இன்னும் ரொம்ப வருசம் ஆகும்." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அதுலயும் முடி கொட்டுமா?"

"கொட்டக்கூடாதுன்னுதான் மெனக்கெடுதேன். இப்ப நல்லதையும் சேத்துத்தான் எரிக்கு."

"அப்ப அண்ணங்கூட மல்லுக்கட்டாம அதப் போய்ப் பாரு. எனக்குப் பொறவு வாரவளுக்காவது சீவ முடி இருக்கட்டும்."