துரைக்கு ஒரு மழைக்கோட்டு

நாடகம் பழக்குகிறவருக்கு முதலில் போவது தொண்டை, அடுத்தது பொறுமை; இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், பல்கலைக்கழகம் முடித்த கையோடு, அட்டன் பக்கத்துக் கல்லூரியொன்றில் சனிக்கிழமைதோறும் மாணவர்களுக்கு நாடகப் பயிற்சி நடத்தினேன். தகரக் கூரையில் மழை பெய்தால் வசனம் கேட்காது. மழை விட்டால் மண்டபத்துக்குள் பனி புகுந்து முகம் தெரியாது.

வட்டம்

முதல் நாள், உடம்பைத் தளர்த்தும் பயிற்சிக்காக எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொன்னேன். நின்றார்கள், ஒரே கோடாக, கையைக் கட்டிக்கொண்டு. விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கத் தாய் தகப்பன் நிற்கும் பெரட்டு வரிசையைப் பார்த்தே வளர்ந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். தோளைப் பிடித்து வளைத்துவிட்டேன். நான் திரும்பியதும் வட்டம் நிமிர்ந்துகொண்டது. சுப்பையா என்ற மாணவன் பணிவாகச் சொன்னான்: "வட்டமா நின்னா யாரு மொதல்ல, யாரு கடைசின்னு தெரியாதுங்களே டீச்சர்."

துரை கிடைக்கவில்லை

தாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறதென்று தொழிலாளர் முறையிடப் போகிறார்கள். தோட்டத்துத் துரை ஏசித் துரத்துகிறார். அவர்கள் நகராமல் உட்கார்ந்து மறியல் செய்கிறார்கள். இதுதான் நாங்கள் கட்டிய நாடகம். துரை வேஷத்துக்கு ஓர் ஆண்பிள்ளையும் வரவில்லை. சுப்பையாவைப் பிடித்து நிறுத்தினேன். 'வெளியே போ' என்று அதட்டவேண்டிய இடத்தில், 'கொஞ்சம் வெளிய போறீங்களா?' என்று கேட்டான்.

மூலையில் இருந்த செல்லம்மா எழுந்துவந்து துரையின் தொப்பியை அவனிடம் வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒரே அதட்டல், சுப்பையா வாசல்வரை போய்விட்டான். எங்கே பழகினாய் என்றேன். "எங்கம்மா என்னைய ஏசுறதத்தான் ஏசுனேன் டீச்சர். தொப்பி மட்டுந்தான் புதுசு."

அப்பா வந்தார்

செல்லம்மாவின் அப்பா வட்டவளைப் பக்கத்தில் கங்காணி. தொழிலாளரை விரட்டி வேலை வாங்குவார். துரையைக் கண்டால் அவரும் கைகட்டுவார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் நடிக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டு ரயிலேறி வந்துவிட்டார். என்ன வேஷம் என்று கேட்டார். "பெரிய மனுஷர் வேஷம்," என்றேன். பொய்யில்லைதானே. ஆனால் துரைக்கு நான் எடுத்துவைத்திருந்தது அரைக்கால்சட்டை. அவர் சொல்லிவிட்டுப் போனது இது: "சீலை கட்டி அடக்க ஒடுக்கமா நிக்கணுமுங்க. கெண்டக்கால் தெரிஞ்சாலும் அப்பவே பொட்டியத் தூக்கிருவேன். படிச்சது போதும்."

பெரட்டு

கல்லூரி அதிபரின் மழைக்கோட்டை இரவல் வாங்கி, சீலைக்கு மேலேயே மாட்டிவிட்டேன். கணுக்கால்வரை மறைத்தது. கூரை ஒழுகும் நாடகத்தில் துரை மழைக்கோட்டோடு வந்தால் யார் கேட்பது?

அரங்கேற்ற நாளில் செல்லம்மா தொப்பியோடு மேடையேறி ஓர் உறுமல் உறுமினாள். முன்வரிசையில் இருந்த கங்காணி சட்டென்று எழுந்தார். தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் செருகிக்கொண்டார். அவரைக் கண்டு பின்னால் மண்டபமே எழுந்தது. மேடையில் தொழிலாளியாக உட்கார்ந்து மறியல் செய்யவேண்டிய சுப்பையாவும் எழுந்துவிட்டான்.

செல்லம்மா அப்பாவைப் பார்த்தாள். வசனம் மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதே துரைக்குரலில், ஆனால் நான் எழுதாததைச் சொன்னாள்: "எல்லாரும் உக்காருங்க." உட்கார்ந்தார்கள். கங்காணி கடைசியாக உட்கார்ந்தார்.

நாடகம் முடிந்ததும் விடுதி வாசலில் அவளுடைய தகரப்பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். தலைத்துண்டு இன்னும் கக்கத்திலேயே இருந்தது. "இத்தன வருசத்துல என்னைய உக்காரச் சொன்ன தொர இவ ஒருத்திதானுங்க டீச்சரம்மா. பொட்டி இங்கனயே இருக்கட்டும்."

மூன்று மாதம் தொண்டை கிழியப் பழக்கிய நாடகத்தில் பலித்தது நான் எழுதாத அந்த ஒரு வரிதான் என்பதை, இத்தொழிலின் வழக்கமான கூலியாக இன்றுவரை வைத்திருக்கிறேன்.