பங்க் பாட்டுக்கு நடுவே அம்மா

பூஞ்சை வாடையோடு அந்தப் பழைய வீடியோ கேசட்டைத் திறந்ததும், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மசாலா அரைக்கும் கடையின் மாடியறைக்கே போய்விட்டேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே இசைக்குழுப் பையன்கள் கிட்டாரும் டிரம்ஸும் அடிக்க, அக்கா தொண்டை கிழியப் பங்க் ராக் பாட்டுப் பாட, நான் காதைப் பொத்திக்கொள்ள, புடவையை இடுப்பில் செருகிய அம்மா ஞாயிறுதோறும் கேமராவும் கையுமாக எல்லோருக்கும் முன்னால் நிற்பார். அம்மா இன்று இல்லை. அந்த மாடியும் ஹோட்டலாகிவிட்டது.

நாடாவைத் துடைத்துக் கணினியில் ஏற்றி இரைச்சலைக் குறைத்தபோது, பாட்டுக்கு நடுவே, கேமராவுக்குக் குறுக்கே வந்தவர்களை அதட்டும் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "தள்ளி நில்லுங்க லா, பாடுறது என் மக!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கணினிப் பக்கம் குனிந்தாள்.

"உன் பாட்டை மறைக்குதுக்கா. அம்மா குரலை எடுத்துடவா?" என்றேன்.

"வேணும்னா என் பாட்டைக் குறைச்சுக்கோ," என்றாள் அக்கா, தலை நிமிர்ந்து.