வணக்கத்துக்குப் பிறகு மூன்று புள்ளி

அவனுக்கு வீட்டில் பெயர் பட்டதாரி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அக்காவைக் கட்டிய அத்தான், அவன் பட்டம் வாங்கிய அன்றே அந்தப் பெயரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். "பட்டதாரி, மோட்டாரை நிறுத்து." "பட்டதாரி, பல்பு மாத்தத் தெரியுமா, இல்ல அது அடுத்த பட்டத்துல வருமா?" நாளெல்லாம் இந்தப் பெயர்தான் வீட்டில் உருண்டுகொண்டிருக்கும்.

அத்தான் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்தக் குடும்பத்தில் அவனுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவர்தான், அவனுடைய அப்பா. அவரும் சுவருக்கு வெள்ளையடிக்கப் போய் மிதித்தவர். மகன் அதே சுவருக்குள் உட்கார்ந்து படித்து, செல்பேசிச் செயலிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டான். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. "பார்க்கலாம்" என்ற நிலையில் வைத்திருந்தார்கள்.

"அங்க என்னதான்டா செய்ற?" என்று அத்தான் ஒருநாள் கேட்டார்.

"திரையில எழுத்து எங்க வரணும், எத்தனை வரியில வரணும், இதெல்லாம் நான்தான் அத்தான் பாக்குறேன்."

"எழுத்து நெறைஞ்சா தானா அடுத்த வரிக்கு இறங்கப் போகுது. தண்ணி பள்ளத்துக்குப் போக நாலு வருஷப் படிப்பா?"

அன்று முழுவதும் அந்தக் கேள்வி பட்டதாரியின் காலில் தைத்த முள்ளாக இருந்தது.

தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்பதை அத்தான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. அவர் வீட்டுச் சமையலறைக் கூரையிலிருந்து அது தினமும் போய்க்கொண்டிருந்தது. கடைசி மாடி. கூரைக்கு நேர் மேலே கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. ஒழுக்கு சரியாக அடுப்புக்கு மேல் குறிபார்த்து விழுந்தது. அக்கா முதலில் பாத்திரம் வைத்துப் பார்த்தாள். பிறகு அடுப்பைக் கூடத்துக்கு மாற்றினாள். கூடத்தில் படுத்திருந்த பட்டதாரி வாசல் நடைக்கு மாறினான். தலைமாட்டில் செருப்புகள், கால்மாட்டில் கதவு. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அந்தச் சாணும் முழமும் அவன் பாய்க்கு மட்டும் கிடைக்கவில்லை.

கட்டடத்தைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு அக்கா போன் செய்தாள். "ஆப்ல போடுங்கம்மா, வாயால சொன்னா எடுத்துக்க மாட்டோம்" என்று வைத்துவிட்டார்கள். அந்தச் செயலியைச் செய்து கொடுத்தது பட்டதாரியின் நிறுவனம்தான். இதைக் கேட்டு அக்கா கொஞ்சம் பெருமைப்பட்டாள். அத்தான் படவில்லை.

செயலி அத்தானின் எண்ணில் இருந்தது. அதனால் எழுதும் உரிமையும் அவருடையது. அவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கே 'இங்கு எச்சில் துப்பாதீர்' என்ற அறிவிப்பையே 'அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே' என்று தொடங்கி எழுதியவர். புகாரை விடுவாரா?

'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்' என்று ஆரம்பித்து, அவர்களுடைய சேவையை வியந்து, தம் குடும்பத்தை அறிமுகப்படுத்தி, பிறகுதான் கூரைக்கு வந்தார். அங்கே அதிக நேரம் தங்காமல் நன்றி, இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள என்று இறங்கிவிட்டார்.

பதில் உடனே வந்தது. 'தங்கள் அன்பான வாழ்த்துக்கு நன்றி!' பக்கத்தில் இரண்டு ரோஜாப்பூ.

"பாத்தியா, மரியாதை தெரிஞ்சவங்க" என்றார் அத்தான். ஆள் வரவில்லை. இன்னும் பணிவாக இன்னொன்று எழுதினார். மூன்று ரோஜாப்பூ வந்தது. அதற்கடுத்த கடிதத்துக்கு ரோஜாவோடு கைகூப்பும் பொம்மையும் வந்தது.

"நீங்க மாலை போடுறீங்க, அவங்க பூ அனுப்புறாங்க" என்றாள் அக்கா, கூடத்து அடுப்பில் கிளறிக்கொண்டே. "கல்யாணம் எப்போன்னு கேட்டுச் சொல்லுங்க. அதுக்குள்ள கூரை விழுந்துடும்."

"அத்தான், எடுத்தவுடனே கூரை ஒழுகுதுன்னு போடுங்களேன்" என்றான் பட்டதாரி.

"முன்னப்பின்ன தெரியாத மனுஷன்கிட்ட, வணக்கம்கூட சொல்லாம, எடுத்தவுடனே கூரையா? இதைத்தான் காலேஜ்ல சொல்லிக் கொடுத்தாங்களா?"

வாசல் நடையில் படுத்திருப்பவன் வீட்டுக்காரரிடம் அதற்கு மேல் பேச முடியாது.

புதிருக்கு விடை அலுவலகத்தில் கிடைத்தது. பராமரிப்பு நிறுவனத்து ஊழியர்கள் பார்க்கும் திரையில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தான். வரிசையாகக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரே ஒரு வரி. மிச்சத்துக்கு மூன்று புள்ளி. 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பணிவான...' அதற்குக் கீழே 'அன்புள்ள ஐயா, வணக்கம். தாங்கள் நலமா...' அதற்குக் கீழே 'வணக்கம் சார். முதற்கண் தங்களுக்கு...' ஊரே வரிசையில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பொத்தான்கள்: 'வேலைக்கு அனுப்பு', 'நன்றி சொல்'. கட்டத்தை இரண்டு முறை தொட்டால் முழுக் கடிதமும் திறக்கும். ஆனால் கும்பிடுகிறவனிடம் 'அப்புறம் என்ன விஷயம்' என்று கேட்கும் பழக்கம் உலகத்தில் எந்த அலுவலகத்தில் இருக்கிறது? நன்றி சொல்லிச் சொல்லி அந்தப் பொத்தான் தேயாமல் இருந்ததற்குக் காரணம், அது கண்ணாடியில் இருந்தது என்பதுதான். இத்தனை வாழ்த்து வாங்கிய நிறுவனம் என்று அவர்களுக்கு யாரோ கேடயம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

பட்டதாரி மேனேஜரிடம் போனான். "சார், அந்தப் பட்டியல்ல எழுத்தை நாலஞ்சு வரியா இறங்க விடலாம் சார். ஒரு எண்ணை மாத்தினா போதும். யாரும் விஷயத்தையே படிக்கல சார்."

மேனேஜருக்கு எழுத்து என்றாலே ஆகாது. திரை என்பது வெறிச்சென்று துடைத்துவிட்ட மேசைபோல இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. "நாலு வரியா? ஒரு கட்டம் உசரம், ஒரு கட்டம் குள்ளம்னு பல்லு போன வாய் மாதிரி இருக்கும். க்ளீனா இருக்கணும் தம்பி. ஒரு வரி."

"எங்க அக்கா வீட்டுக் கூரையும் அதுல..."

"வீட்டுக் கூரையை ஆபீசுக்குத் தூக்கிட்டு வராத. அவங்க முதலாளி இந்த வாரம் புதுத் திரையைப் பாக்க வர்றாரு. உன்னோட நிரந்தரமும் இந்த வாரம்தான் மேல போகுது. புரியுதா?"

புரிந்தது. ஒரு வரி என்றால் ஒரு வரி.

ஆனால் அந்த ஒரு வரிக்குள் என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லையே? இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். புள்ளிகளை வரியின் தலைக்குக் கொண்டுபோய், கடிதத்தின் வாலைக் காட்டிப் பார்த்தான். '...நன்றி. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று எல்லாக் கட்டங்களும் விடைபெற்றன. புள்ளிகளை நடுவில் வைத்தான். முன்னால் வணக்கம், பின்னால் நன்றி, இடையில் இருந்த கூரை காணாமல் போனது. நம் ஆட்கள் சங்கதியை வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைப்பதுபோல நட்டநடுவில்தான் வைப்பார்கள். எந்தப் பக்கம் கடித்தாலும் பழம்தான்.

மிச்சம் இருந்தது ஒரு வழி. வரியை ஓடவிடுவது. தொலைக்காட்சியில் செய்தி ஓடுமே, அதுபோல. தொட்ட கட்டத்தில் எழுத்து வலமிருந்து இடமாக நகர்ந்து, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். ஒரே வரி. துடைத்த மேசை. செய்து முடித்தபின் இது கீழ்ப்படிதலா, குசும்பா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் வருவதற்குள் மேனேஜர் பார்த்துவிட்டு, "இதுதான்டா க்ளீன்!" என்று தோளைத் தட்டினார்.

முதலாளி வந்தார். கண்ணாடி அறையில் பெரிய திரை போட்டார்கள். அவருடைய ஊழியர்கள் இருவர், மேனேஜர், மூலையில் பட்டதாரி. முதலாளி எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கட்டத்தைத் தொட்டார். புத்தம்புதிதாக அன்று காலை அத்தான் அனுப்பியது. எழுத்து ஓடத் தொடங்கியது.

"ஓ, நியூஸ் மாதிரி!" என்று முதலாளி குஷியானார். செய்தி வாசிக்கும் குரலிலேயே வாசித்தார். "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு... பணிவான வணக்கம்..." அறையில் இருந்த கழுத்துகள் எல்லாம் எழுத்தோடு சேர்ந்து திரும்பின. அத்தான் அன்று தம் வாழ்நாளின் மிகப் பணிவான கடிதத்தை எழுதியிருந்தார். டீ வந்தது. குடித்து முடித்தார்கள். வணக்கம் இன்னும் முடியவில்லை.

"...தாங்கள் அனுப்பிய ரோஜாப்பூக்களுக்கு நன்றி... சமையலறைக் கூரை ஒழுகுவதால் என் மனைவி கூடத்தில் சமைக்கிறாள்... என் மைத்துனன், பட்டதாரி, செருப்புகளுக்குப் பக்கத்தில் படுக்கிறான்..."

முதலாளி நிறுத்தினார். "ஐயோ பாவம், யாரோ படிச்ச பையன். படிச்சும் என்ன பிரயோஜனம், பாருங்க."

"ஆமா சார், ரொம்பப் பாவம் சார்" என்று மேனேஜர் தலையாட்டினார். பட்டதாரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருங்க, எந்தக் கட்டடம்னு சொன்னாரே, அது ஓடிப்போச்சே?"

"திரும்ப வரும் சார்" என்றான் பட்டதாரி மெதுவாக. "முதல்ல இருந்து வரும்."

மறுபடி மதிப்பிற்குரிய ஐயாவிலிருந்து. மறுபடி நலம். முதலாளியின் கழுத்து இரண்டு சுற்று தாங்கியது. மூன்றாவதில் பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, இதை இப்படி ஓட்டுறதுக்கு, மடக்கி மடக்கி நாலு வரியாப் போட்டா ஒரே பார்வையில படிச்சிட மாட்டேனா? இந்தச் சின்ன அறிவு உங்க ஒருத்தருக்கும் வரலையா?" பிறகு தம் ஊழியர்கள் பக்கம் திரும்பினார். "கூரை ஒழுகுதுன்னு எழுதினவனுக்கா பூ அனுப்பினீங்க? இன்னிக்கே ஆள் போகணும். இனிமே எவனுக்காவது பூ போச்சுன்னா உங்களுக்கு மலர்வளையம்தான்."

"அற்புதமான யோசனை சார்! எங்களுக்குத் தோணவே இல்ல சார்" என்றார் மேனேஜர்.

முதலாளியை வழியனுப்பிவிட்டு வந்து பட்டதாரியிடம் சொன்னார், "பெரியவங்க எப்படி யோசிக்கிறாங்க பாத்தியா? படிப்பு வேற, அறிவு வேற. நாலு வரி போட்டுடு."

"அஞ்சாவது வரி இருந்தா சார்?"

"அவர் நாலுன்னாரு. நாலு."

பட்டதாரி ஒன்றை அழித்து நாலு என்று போட்டான். அவன் படிப்புக்கு அன்று கிடைத்த வேலை அவ்வளவுதான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பையன் என்று மேனேஜர் மேலே எழுதி அனுப்ப, அவனும் நிரந்தரமானான்.

ஆட்கள் வந்து தொட்டியைச் சரிசெய்து, கூரையைப் பூசிவிட்டுப் போனார்கள். அடுப்பு சமையலறைக்குத் திரும்பியது, பட்டதாரி கூடத்துக்குத் திரும்பினான். அத்தான் தம் எழுத்தின் வலிமையால்தான் இது நடந்தது என்றார். அது உண்மையும்கூட என்பதால் பட்டதாரி மறுக்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். அத்தான் நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"பட்ட பாட்டைச் சொன்னாத்தான்டா நன்றிக்கு ஒரு எடை வரும்" என்று, வணக்கம் வைத்த கையோடு, கூரை ஒழுகிய கதையை உருக்கமாகத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. கருவிப்பெட்டியோடு ஒரு ஆள்.

"கூரை ஒழுகுதுன்னு அவசரமா அனுப்பினாங்க சார்."

"ஒழுகல. நின்னுடுச்சு. நான் நன்றில்ல எழுதினேன்?"

அந்த ஆள் தன் செல்பேசியை நீட்டினார். நாலு வரி. நாலிலும் ஒழுக்கு, ஈரம், அக்காவின் கண்ணீர். அதற்குப் பிறகு மூன்று புள்ளி.

அத்தான் திரும்பிப் பார்த்தார். "பட்டதாரி, என் நன்றியை எங்கடா வெச்ச?"

"அஞ்சாவது வரியில இருக்கு அத்தான்."

அக்கா உள்ளேயிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். "வந்ததுதான் வந்தீங்க, அண்ணே, குழாய் ஒண்ணு சொட்டுது. அதைப் பாத்துட்டுப் போயிடுங்க. இல்லேன்னா அதுக்கு இவர் ஒரு கடிதாசி எழுதுவாரு."