மெலிய வந்த மருமான்

போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு மாலை. வாசலுக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். காலையில் அரியூர் நாடு என்கிற மலையூர்ப் பக்கம் நடக்கப் போன மருமான் நடராஜன் இன்னும் திரும்பவில்லை.

நடராஜன் என் அக்காள் மகன். திருச்சியில் பி.ஏ. படிக்கிறான். ஹாஸ்டல் நெய்யும் மாலை நேரத்துப் போண்டாவும் அவனை நன்றாகவே வளர்த்துவிட்டன. காட்டிலாகா வேலைக்கு மனு போட்டிருக்கிறான் — பகல் முழுதும் நடக்கவைத்துப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்களாம். அதற்குள் மெலிய வேண்டும். கொல்லிமலையில் காப்பித் தோட்டத்தோடு ஒரு மாமன் எதற்கு இருக்கிறான்? வந்து சேர்ந்தான்.

வந்த நாளிலிருந்து எலுமிச்சைச் சாறுதான் ஆகாரம். கேட்டால், "உடம்பு குறையணும் அத்தை" என்பான் என் மனைவியிடம்.

இதில் ஒரு சங்கடம். விருந்தாளி வந்திருக்கிறான் என்றால் இங்கே அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சாமைச் சோறு வரும். வேண்டாம் என்றால் மனஸ்தாபம். என் மனைவி சமாளித்தாள்: "தம்பி விரதமுங்க. வேலை கெடைக்கோணுமின்னு."

சோறு மரியாதையாகத் திரும்பிப் போயிற்று. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தோம்... விரதச் செய்தி மலையில் எவ்வளவு தூரம் போகும் என்று யோசிக்கவில்லை.

இருட்டுவதற்குள் தேடிக் கிளம்பினேன். அரியூர் நாட்டில் ஒரு வீட்டு வாசலில் சுருண்டு கிடந்தான். அந்த வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கைகட்டி நின்றார்கள்.

"சோறு போடச் சொல்லுங்க மாமா. மூணு வீட்டுல கேட்டுட்டேன். எல்லாரும் கும்பிடறாங்க. யாரும் போட மாட்டேங்கறாங்க."

"விரதக்காரருக்குச் சோறு போட்ட பாவத்தை நாங்க எங்கீங்க கொண்டு போயிக் கழுவறது?" என்றாள் அந்த அம்மாள்.

விரதமே இல்லை, மெலிவதற்காகப் பட்டினி கிடக்கிறான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, ஊட்டுல சோத்தை வெச்சுக்கிட்டு மெலியறதுக்குப் பட்டினி கெடப்பாங்களா? மருமவன் மொகத்தப் பாத்துட்டுப் பொய் சொல்றீங்க."

பையனின் முகமோ வெளுத்துக்கொண்டே வந்தது. நடைச் சோதனை நெருங்குகிறது. இந்த உடம்போடு அவன் எங்கே நடப்பது?

அந்த அம்மாள்தான் வழி சொன்னாள். "தாய்மாமன் விரதத்தை ஏத்துக்கிட்டா மருமவன் உண்ணலாமுங்க. எங்க வழக்கம் அது. ஆனா வேலை கெடைக்கற வரைக்கும் நீங்க விரதம் இருக்கோணும். உங்க வயசுக்கு ராத்திரி ஒருவேளை சாப்புட்டுக்கலாம்."

"ஏத்துக்குவாருங்க," என்றான் நடராஜன், கண்ணைத் திறக்காமலே.

ஏற்றுக்கொண்டேன். என் மணிக்கட்டில் மஞ்சள் துணி ஏறியது. "எந்திரிச்சு உண்ணு சாமி" என்று அவன் முன்னால் சாமைச் சோறும் கீரையும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். அவன் சாப்பிட்டதை நான் பார்த்தேன் — அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து வேளாவேளைக்கு அதையே சாப்பிட்டு, மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி வரை இறங்கி ஏறினான். பட்டினிக்கு மசியாத தொந்தி சோற்றுக்கும் நடைக்கும் வழிவிட்டது. காலேஜ் பிள்ளைகளே, விட வேண்டியது சாப்பாட்டை அல்ல, போண்டாவை.

நேற்று முன்தினம் சோதனை. கடைசி வரை நடந்துவிட்டானாம். ஆர்டர் எப்போது வரும்? சர்க்கார் காரியம்... யாருக்குத் தெரியும்? நான் தபால்காரர் வரும் பாதையை எட்டி எட்டிப் பார்க்கிறேன். பகலில் ஒரு வாழைப்பழத்தைத் தொட்டால்கூட அடுத்த வீட்டில் இருமுகிறார்கள்.

மெலிய வந்தவன் அவன்; வேட்டி இடுப்பில் நிற்காமல் தவிப்பது நான்.