சில்லென்றிருந்த சக்கரம்

என் தங்கைக்கு வரன் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பா, "மாப்பிள்ளையை ஒர்க்‌ஷாப்புல பிரேக்குன்னுதான் கூப்பிடுறாங்க" என்றார். அந்தப் பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது அப்போதுதான். "கல்யாணத்தைப் பாதியில நிறுத்தாம இருந்தா சரி" என்றேன். வீடே சிரித்தது.

பிரேக் வேலை பார்த்த வண்டியைத் தங்கை கணவர் சும்மா திருப்பிக் கொடுத்ததில்லை. தானே ஓட்டிப் போய் வந்து, சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுவார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. இரண்டு பக்கமும் ஒரே சூடு இருந்தால்தான் சாவி கைமாறும்.

பல வருடம் கழித்து அவர் மகள், பந்தயத் திடலில் ஓட்டவென்று வேகமான மின்சாரக் கார் ஒன்று வாங்கினாள். கனத்த வண்டி. நாலு சுற்றிலேயே பிரேக் சூடேறிப்போய் சரியாகப் பிடிக்கவில்லையாம்.

"கம்பெனி ஆளுங்களே மாத்திடுவாங்கப்பா. இது உங்க காலத்து வண்டி இல்ல."

மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. "நீ ஓட்டுற வண்டிக்கு வேற ஒருத்தன் பிரேக் மாட்டணுமா?" என்று மட்டும் கேட்டார். அவள் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

சக்கரத்தோடு சுற்றும் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கச் சூடு தாங்கும் பேட். மாட்டி முடிக்க ஒரு பகல் ஆனது. புதுப் பேட் டிஸ்கோடு படிய வேண்டும். வேகமாகப் போய் மெதுவாக்கி, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, பத்துத் தடவை சூடேற்றினால்தான் நன்றாகப் பிடிக்கும். ஆளில்லாத சாலையில் அவர் ஓட்ட, மகள் பக்கத்தில், நான் பின்சீட்டில்.

பத்தும் முடிந்து இறங்கிக் கையை நீட்டியவர் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, சில்லுனு இருக்கு."

மகள் முகம் வெளுத்தது. "அய்யோ, நானும் மறந்துட்டேன்பா! ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தாலே மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிச்சுடும். பிரேக்குக்கு வேலையே வந்திருக்காது."

"நாளைக்கு இப்படியே திடல்ல இறங்கியிருந்தா?"

அவள் வண்டியின் திரையில் எதையோ தட்டி மோட்டாரின் பிடியைக் குறைத்தாள். "இப்ப ஓட்டுங்க. இனி உங்க பிரேக்குதான்."

மறுபடி பத்துத் தடவை. இந்த முறை அவர் கை ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டது.

"காய்ச்சல் வந்துடுச்சு" என்றார். கம்பெனி ஆட்கள் பேச்சை மகள் அப்புறம் எடுக்கவே இல்லை.

தங்கை தவறிப்போய் ஆறு வருடமாகிறது. அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலியால் வண்டி ஓட்டுவதில்லை. பந்தய நாட்களில் திடலோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் சக்கரத்துப் பக்கம் கையை நீட்டிப் பார்ப்பார்.