பெயர் சொல்லாமல் விற்ற வீடு

இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. என் இரண்டு காதாலும் கேட்டேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெனித். புதுக்கடை என்ற ஊரில் வீடு, மனை புரோக்கர். ரகசியம் என்றால் என் வாய்க்குப் பூட்டுதான். அதை நம்பித்தான் துபாயிலிருந்து தேவகுமார் அண்ணன் கூப்பிட்டார். தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடல் தெரியும் மூன்று மாடி வீடு, உள்ளேயே லிஃப்ட். வீடு அவர் மனைவி பிரீனா பெயரில். விற்கும் அதிகாரத்தை அவர் கணவருக்குப் பவர் பத்திரமாக எழுதிக் கொடுத்திருந்தார்.

“போர்டு வேண்டாம். நெட்டுல போட்டோ வேண்டாம். வாங்குகவனுக்கும் எங்க பேரு கடைசியில தெரிஞ்சா போரும். பிரீனாவுக்கு சொகமில்ல, திருவனந்தபுரத்துல வச்சு பாக்கேன். சொந்தக்காரனுவ ஒருத்தனும் அறியப்பிடாது, கேட்டியா மக்கா?”

என் மனைவியிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

மார்ச் 14, சனிக்கிழமை. நாகர்கோவிலிலிருந்து முருகதாஸ் நான்கு மணிக்கு வீடு பார்க்க வருவதாக இருந்தது. நான் 3.10-க்கே போனேன். இப்படிப்பட்ட விற்பனையில் முதல் வேலை, சுவரில் ஒரு முகமும் இல்லாமல் செய்வது. ஒவ்வொரு படமாகக் கழற்றி, போர்வையில் சுற்றி, ஸ்டோர் ரூமில் வைத்தேன். கடைசியில் கல்யாணப் படம். நல்ல கனம்.

மெயின் சுவிட்சை நான் இன்னும் போடவில்லை. லைட் இல்லை. ஃபேன் இல்லை.

3.32.

ட்ரிங்... ட்ரிங்...

ஹாலில் இருந்த, மாடிக்கு மாடி பேசும் இன்டர்காம். அதில் மூன்றாம் மாடிக்கான விளக்கு சிவப்பாக எரிந்தது. எடுத்தேன்.

“யாரு?” பெண் குரல்.

“புரோக்கர் ஜெனித் அக்கா.”

“வீடு விக்கியளா?”

“ஆமா... அண்ணன் சொன்னாவ...”

“நான் சம்மதிக்கல்ல.”

சிகிச்சை முடிந்து வீட்டுக்கே வந்துவிட்டார்கள் போல என்று நினைத்து மாடி ஏறினேன். அறைக் கதவில் வெளியே பூட்டு. பூட்டின் மேல் தூசி.

“அக்கா?”

தட்டினேன்.

உள்ளேயிருந்தும் தட்டியது...

மூன்று முறை.

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே நின்று அண்ணனைக் கூப்பிட்டபோது 3.41. நடந்ததைச் சொன்னதும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு சிரித்தார்.

“பிரீனாதான் மக்கா, வேற யாரு? அந்த போன நான் அவ மொபைலோட சேத்து வச்சிருக்கேன். மருந்து மயக்கத்துல என்னமோ சொல்லியிருப்பா. நீ வெளிய சொல்லாத.”

நம்பினேன். தட்டியது எதிரொலி என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 8, முருகதாஸ் பெயருக்குப் பத்திரப் பதிவு. அண்ணன் நேரில் வந்திருந்தார். ஆவணம் எழுதும் யேசுரத்தினம் கறாரான மனிதர்.

“பவர் குடுத்தவிய உயிரோட இருக்காவண்ணு டாக்டர் சான்று வேணும். ஆளு செத்தா பவரும் செத்துது.”

அண்ணன் ஒரு தாளை நீட்டினார். யேசுரத்தினம் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ அவியள பாத்தியா?”

“போன்ல பேசினேன்” என்றேன். அண்ணன் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சாட்சிக் கையெழுத்தும் போட்டேன்.

ஏப்ரல் 27. பிரீனாவின் தம்பி ஜினோ பஹ்ரைனிலிருந்து வந்து என் கடையில் நின்றான். வீட்டில் வேறு ஆள் குடியேறியதை யாரோ சொல்லித்தான் ஓடி வந்தானாம். கையில் அக்காவின் மரணச் சான்றிதழ். பிப்ரவரி 2 என்று தேதி. திருவனந்தபுரத்திலேயே சத்தமில்லாமல் அடக்கமும் முடிந்திருந்தது.

“அக்கா உயிரோட இருக்காண்ணு சாட்சி சொன்னது நீங்கதானா?”

அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்டேனே, அந்தப் பாவி என் மூடின வாயைத்தான் தேடி வந்திருக்கிறான். செத்தவளை உயிரோடு இருப்பதாகச் சொல்லவும் அதே வாயைத் திறக்க வைத்தான்.

“தம்பி, நான் பொய் சொல்லல்ல. மார்ச்சு பதினாலு, அக்கா எங்கிட்ட பேசினாவ. சம்மதிக்கல்லண்ணு சொன்னாவ. நான்தான் கேக்கல்ல.”

ஜினோ அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“போன வருசம் தொண்டையில ஆபரேஷன் செஞ்சதில இருந்து அக்காவுக்கு சத்தமே கிடையாது அண்ணா. நாங்க மெசேஜ்லதான் பேசுவோம். போன மாசம் வரைக்கும் மெசேஜ் வந்துது... அத்தான் போட்டிருக்காரு. பவர் எழுதி வாங்கினதும் ஆபரேஷன் முடிஞ்ச மறுவாரம்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“அக்கா சத்தம் எப்படி இருந்துது?”

“தெளிவா இருந்துது” என்றேன்.